நீக்குவதற்கு முன்பு பார்க்க வேண்டியவை

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவின் மேசைக் கணினியில் மவுஸ் சரியாக ஓடவில்லை. அம்புக்குறி இரண்டு அங்குலம் நகர்வதும், அப்படியே நின்றுவிட்டுத் திடீரென்று திரையின் வேறொரு மூலைக்குத் தாவுவதுமாக இருந்தது. அவருடைய கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் மூன்றும் புளூடூத்தில் இயங்குபவை. வாங்கிக் கொடுத்ததும் நான், இணைத்துக் கொடுத்ததும் நான். இப்படிப்பட்ட கோளாறுக்கு எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியத்தையே நானும் செய்தேன். செட்டிங்ஸைத் திறந்து முதலில் கீபோர்டை நீக்கினேன், அடுத்து மவுஸை நீக்கினேன். மவுஸின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்த அதே நொடியில் அம்புக்குறி அசைவற்று நின்றது. புதிய சாதனத்தைச் சேர்ப்பதற்கான பொத்தான் கண்ணெதிரே இருக்கிறது. அதை அழுத்துவதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

வயர் உள்ள மவுஸ் ஒன்றுகூட அன்று எங்கள் வீட்டில் கிடையாது. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஒன்றை இரவல் வாங்கி வந்து செருகிய பிறகுதான் கணினி மறுபடியும் சொன்னபடி கேட்டது. அதற்குள் மணி பத்தே காலைத் தாண்டிவிட்டது. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குத் தம்முடைய பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேருக்கு இணையவழியில் இலக்கணம் நடத்துகிறார். "முப்பத்தி மூணு வருசத்துல மணி அடிச்சதுக்கு அப்புறம் நான் வகுப்புக்குள்ள போனதே இல்லம்மா" என்று அவர் மெதுவாகச் சொன்னபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அதைவிடப் பெரிய வருத்தம், கீபோர்டையும் மவுஸையும் புதிதாகச் சேர்த்து முடித்த பின்னும் அம்புக்குறி பழையபடியே தாவிக்கொண்டிருந்ததுதான். நீக்கிவிட்டு மறுபடியும் சேர்ப்பது கடைசியாகக் கையில் எடுக்க வேண்டிய காரியம் என்று நான் இப்போது உறுதியாக நம்புகிறேன். அதற்கு முன்பு பார்க்க வேண்டியவை என்னென்ன என்பதை எங்கள் வீட்டுக் கணினிகளில் நடந்தவற்றை வைத்தே எழுதுகிறேன்.

முதலில், நீக்கும்போது எதை இழக்கிறோம் என்பது தெரிய வேண்டும். கணினியும் ஒரு புளூடூத் சாதனமும் முதன்முறையாகச் சந்திக்கும்போது 128 பிட் நீளமுள்ள ரகசியச் சாவி ஒன்றைத் தமக்குள் உருவாக்கிக்கொண்டு, ஆளுக்கொரு பிரதியாக அதைச் சேமித்து வைக்கின்றன. எதிராளியின் முகவரியையும் அதனோடு சேர்த்து எழுதிக்கொள்கின்றன. இதைத்தான் நாம் பேரிங் என்கிறோம். கீபோர்டைச் சேர்க்கும்போது திரையில் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றுவதையும், அந்த எண்ணை அதே கீபோர்டில் தட்டி என்டர் அழுத்தச் சொல்வதையும் பார்த்திருப்பீர்கள். கீபோர்டுக்குத் திரை இல்லாததால், கணினி காட்டும் எண்ணை நாம் அதில் தட்டினால்தான் இரண்டும் ஒரே அறையில் ஒரே ஆளின் கையில் இருப்பது உறுதியாகிறது. 2007-இல் வந்த புளூடூத் 2.1 பதிப்புக்கு முன்பு, பெரும்பாலான ஹெட்செட்களுக்கு 0000 அல்லது 1234 என்று எல்லோருக்கும் தெரிந்த எண்ணே கடவுச்சொல்லாக இருந்தது என்பதை நினைத்தால், இந்த ஆறு இலக்கத் தொல்லையை நான் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறேன்.

பேரிங் ஒருமுறைதான் நடக்கிறது. அதற்குப் பிறகு தினமும் நடப்பதெல்லாம், ஏற்கெனவே இருக்கும் சாவியைக் காட்டி மறுபடியும் தொடர்பு கொள்வதுதான். பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கும்போது கணினி தன்னிடமுள்ள பிரதியை அழித்துவிடுகிறது. சாதனத்திடமோ அதன் பிரதி அப்படியே இருக்கிறது. அதனால்தான் கணினியில் மட்டும் நீக்கிய ஒரு ஹெட்செட், நாம் அதைப் பேரிங் நிலைக்குக் கொண்டுவரும்வரை பழைய சாவியை வைத்துக்கொண்டே கதவைத் தட்டுகிறது. இங்கிருந்து எனக்குக் கிடைத்த ஒரு பாடம் அன்றே தெரிந்திருந்தால் வகுப்பு தாமதமாகியிருக்காது: சாவியில் கோளாறு இருந்தால் மவுஸ் தடுமாறாது, அசையவே அசையாது. விட்டு விட்டாவது ஓடுகிறது என்றால் சாவி சரியாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அந்த வேறெங்கோ எது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. அப்பா 1980-களில் எங்கள் ஊர்க் கோயில் கொடைகளில் பதிவு செய்த வில்லுப்பாட்டுக் கேசட்டுகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றி, ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைப்பதை ஞாயிற்றுக்கிழமை காலை வேலையாக அவர் வைத்திருக்கிறார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹார்டு டிஸ்க்கின் சிறிய நீல விளக்கு மின்னும்போதெல்லாம் மேலே அம்புக்குறி தாவுவதையும், விளக்கு நிலையாக எரியும்போது அது ஒழுங்காக ஓடுவதையும் கவனித்தேன். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினேன். மவுஸ் எண்ணெய் போட்டாற்போல ஓடியது. மறுபடியும் செருகிக் கோப்பு ஒன்றை நகலெடுத்தேன். தாவல் திரும்ப வந்தது.

பல மேசைக் கணினிகளில் புளூடூத் உள்ளேயே இருப்பதில்லை என்பதால், அப்பாவின் கணினியில் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு டாங்கிளைச் செருகியிருந்தேன். சிபியு பெட்டியின் பின்பக்கத்தில், நீல நிற யூஎஸ்பி துளைகள் இரண்டில் ஒன்றில் டாங்கிள், அதற்கு ஒட்டினாற்போலுள்ள மற்றொன்றில் ஹார்டு டிஸ்க்கின் கேபிள். இந்த அண்டை வீட்டு உறவுதான் வினையாக இருந்தது. நீல நிறத் துளைகள் யூஎஸ்பி 3.0 வகையைச் சேர்ந்தவை; நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது அந்தக் கேபிளும் துளையும் பரந்த அலைவரிசையில் மின்காந்த இரைச்சலைக் கசியவிடுகின்றன; அந்த இரைச்சலில் ஒரு பகுதி, புளூடூத்தும் வைஃபையும் பேசிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-இல் இதை அளந்து ஓர் ஆய்வுக் குறிப்பாகவே வெளியிட்டிருக்கிறது. இவ்வளவு நாளாகத் தெரிந்த ஒரு விஷயம் டாங்கிள் விற்கும் அட்டைப்பெட்டிகளில் ஒரு வரியாகக்கூட அச்சாவதில்லை என்பது எனக்கு இன்னும் ஆற்றாமையாகவே இருக்கிறது. கோளாறு மவுஸில் இல்லை, விண்டோஸில் இல்லை, எந்தச் செட்டிங்ஸிலும் இல்லை. டாங்கிள் இருந்த இடத்தில் இருந்தது.

ஒரு மீட்டர் நீளமுள்ள யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் ஒன்றை வாங்கி, கறுப்பு நிறத் துளையில் செருகி, மறுமுனையில் டாங்கிளை மாட்டி, மானிட்டருக்குக் கீழே மேசையின் மேற்பரப்பில் இருபக்க டேப்பால் ஒட்டினேன். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த மவுஸ் ஒருமுறைகூடத் தாவியதில்லை. இரைச்சலிலிருந்து விலகியதோடு, சிபியு பெட்டியின் தகரத்துக்கும் பக்கத்திலிருந்த இரும்பு பீரோவுக்கும் நடுவிலிருந்து அந்தச் சின்ன ஆன்டெனா வெளியே வந்ததும் உதவியது. யாராவது புளூடூத் மவுஸ் தடுமாறுகிறது என்று சொன்னால், டாங்கிள் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் இப்போது முதலில் கேட்கிறேன். அப்படியே, மடிக்கணினியில் உள்ளே ஏற்கெனவே புளூடூத் இருக்கும்போது கூடுதலாக ஒரு டாங்கிளையும் செருகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விண்டோஸ் ஒரே நேரத்தில் ஒரு புளூடூத் ரேடியோவைத்தான் ஆதரிக்கும். டாங்கிளைப் பயன்படுத்த விரும்பினால், கணினியின் வன்பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் உள்ளேயிருப்பதை முடக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் சாதனங்கள் தோன்றுவதும் மறைவதுமாக அலைக்கழிக்கும்.

காற்றில் நடக்கும் நெரிசலைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஹெட்செட் பயன்படுத்தும் பழைய வகை புளூடூத் 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை 79 சேனல்களில் நொடிக்கு 1600 முறை தாவித் தாவிப் பேசுகிறது. இரைச்சல் மிகுந்த சேனல்களைத் தவிர்க்கவும் அதற்குத் தெரியும். வைஃபையோ 2.4 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே இடத்தில் பாய் விரித்தாற்போல் எடுத்துக்கொள்கிறது. அடுக்குமாடி வீடுகளில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களிலும் ஆளாளுக்குப் பாய் விரித்துவிட்டால், புளூடூத் தாவுவதற்கு இடம் குறைந்துபோகிறது. நம் கணினியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் நம் பங்கு நெரிசலாவது குறையும். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரை வைத்திருந்தால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் அட்வான்ஸ்டு பக்கத்தில் விருப்பமான அலைவரிசையாக 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கும் வசதி பல கணினிகளில் இருக்கிறது. ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவில் கனமான சுவர்கள் இரண்டு மூன்று இருந்தால் மட்டும் இந்த மாற்றம் எதிர்பார்த்த பலனைத் தராது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் சீக்கிரம் வலுவிழக்கிறது.

மவுஸ் சரியான பிறகு அப்பா ஹெட்செட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "ஏம்மா, பாட்டு கேக்கும்போது நல்லாத்தான் இருக்கு. வகுப்பு ஆரம்பிச்சுட்டா மட்டும் எல்லாரும் டிரங்க் கால்ல பேசுற மாதிரி இருக்கு." அவர் சொன்ன உவமை எவ்வளவு துல்லியமானது என்பது அதன் காரணத்தைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. புளூடூத் ஹெட்செட்டுக்கு இரண்டு வேடங்கள் உண்டு. பாட்டு கேட்கும்போது அது ஏ2டிபி என்ற முறையில் இயங்குகிறது. ஒலி கணினியிலிருந்து காதுக்கு ஒருவழியாக மட்டும், இரண்டு காதுக்கும் தனித்தனியாக, நல்ல தரத்தில் வருகிறது. ஆனால் அந்த முறையில் மைக் கிடையாது. ஏதாவது ஒரு செயலி ஹெட்செட்டின் மைக்கைக் கேட்டதும், அது ஹேண்ட்ஸ் ஃப்ரீ என்ற மற்றொரு முறைக்கு மாறிவிடுகிறது. கார்களிலும் கைப்பேசிகளிலும் அழைப்பு பேசுவதற்காக வகுத்த முறை அது. பழைய வடிவத்தில் ஒலியை அளந்தெடுக்கும் மாதிரிகள் நொடிக்கு 8000, அதாவது தொலைபேசி இணைப்பகங்கள் பயன்படுத்திய அதே அளவு; சற்றுப் புதிய வடிவத்தில் 16000. குறுந்தகட்டில் அது 44100. 8000 மாதிரிகள் என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி முழுவதும் வெட்டுப்பட்டுவிடும். ஸகரம் போன்ற உரசொலிகளின் உயிர் அதற்கு மேலேதான் இருக்கிறது. மாணவர்களின் உச்சரிப்பைக் காதால் கேட்டுத் திருத்தும் ஓர் ஆசிரியருக்கு இது சின்னக் குறை அன்று.

இதற்கும் ஹெட்செட்டை நீக்கிச் சேர்ப்பதால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அது பழுதாகவே இல்லை. தனக்குச் சொல்லப்பட்ட வேடத்தை அது ஒழுங்காகத்தான் செய்கிறது. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். கூட்டச் செயலியின் ஒலி அமைப்பில், ஸ்பீக்கராக ஹெட்செட்டை அப்படியே விட்டுவிட்டு, மைக்காக மட்டும் மானிட்டரின் மேலிருக்கும் வெப்கேமைத் தேர்ந்தெடுத்தேன். ஹெட்செட்டின் மைக்கை எவரும் கேட்காததால் அது பாட்டு கேட்கும் முறையிலேயே நிலைத்து நின்றது. விண்டோஸ் 10-இல் ஒரே ஹெட்செட் ஸ்டீரியோ, ஹேண்ட்ஸ் ஃப்ரீ என்று இரண்டு பெயர்களில் பட்டியலில் தோன்றும். அங்கே ஸ்டீரியோ என்றிருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் இரண்டையும் ஒரே பெயராக இணைத்துவிட்டார்கள். பார்ப்பதற்கு எளிமையாக இருந்தாலும், எந்த வேடத்தில் இருக்கிறது என்பது இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் மைக் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஏதோ ஒரு செயலி மைக்கைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். பின்னணியில் திறந்தே கிடக்கும் அரட்டைச் செயலி ஒன்றே போதும், பாட்டின் தரத்தைத் தொலைபேசித் தரத்துக்கு இறக்கிவிட. இந்தப் பிரச்சினைக்கு அடிப்படையிலேயே தீர்வாக எல்இ ஆடியோ என்ற புதிய முறை வந்திருக்கிறது, விண்டோஸ் 11 அதை ஆதரிக்கவும் செய்கிறது. ஆனால் கணினியின் புளூடூத் சில்லு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், ஹெட்செட் ஆகிய மூன்றும் ஒருசேர அதற்குத் தயாராக இருந்தாக வேண்டும்.

வகுப்பு நடுவில் ஹெட்செட் சட்டென்று ஊமையாகிவிடுவது அடுத்த தொல்லை. "மறுபடியும் போனுக்குப் போயிட்டு" என்பார் அப்பா. ஒரே நேரத்தில் இரண்டு சாதனங்களோடு தொடர்பில் இருக்கும் மல்டிபாயின்ட் வசதி அவருடைய ஹெட்செட்டில் இருக்கிறது. கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் காணொளி தானாக ஓடினாலும் போதும், அது கணினியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இங்கேயும் கைப்பேசியிலிருந்து ஹெட்செட்டை நீக்கிவிடத்தான் முதலில் தோன்றும். ஆனால் அழைப்பு வந்தால் அதில் பேசவும் வேண்டும் என்றார் அவர். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் புளூடூத் பட்டியலில் ஹெட்செட்டின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கரத்தைத் தொட்டால், அழைப்புகளுக்கும் மீடியா ஒலிக்கும் தனித்தனிச் சுவிட்சுகள் இருப்பது தெரியும். மீடியாவை மட்டும் அணைத்துவிட்டேன். இப்போது அழைப்பு வந்தால் ஹெட்செட் போனுக்குப் போகிறது, காணொளிகளுக்குப் போவதில்லை.

இனி என்னுடைய மடிக்கணினிக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன்பு ஒரு காலையில் அதைத் திறந்தபோது புளூடூத் வேலை செய்யவில்லை என்பதில்லை, புளூடூத் என்ற சுவிட்சே செட்டிங்ஸில் காணாமல் போயிருந்தது. வைஃபை மட்டும் நன்றாக இயங்கியது. பல மடிக்கணினிகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிறிய அட்டையில்தான் இருக்கின்றன என்றாலும், வைஃபை ஒரு வழியிலும் புளூடூத் உள்ளேயே ஓடும் ஒரு யூஎஸ்பி வழியிலும் தாய்ப்பலகையோடு சேர்கின்றன. அதனால் ஒன்று உறைந்துபோய் மற்றொன்று நலமாக இருக்க முடியும். மூன்று முறை ஷட் டவுன் செய்து திறந்தும் பலன் இல்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கும்போது, ஷட் டவுன் என்பது முழுமையான அணைப்பாக இருப்பதில்லை. இயக்குதளத்தின் உட்பகுதியும் டிரைவர்களின் நிலையும் வட்டில் எழுதப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப ஏற்றப்படுகின்றன. கோளாறும் அதோடு சேர்ந்தே திரும்ப வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால், அணைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்சாரத்தையும் வடித்துவிட வேண்டும். எனக்கு அப்படித்தான் திரும்ப வந்தது.

இது மறுபடியும் நேராமலிருக்க, டிவைஸ் மேனேஜரில் புளூடூத் அடாப்டரின் பண்புகளைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினியை அனுமதிக்கும் கட்டத்திலுள்ள டிக்கை எடுத்துவிட்டேன். சில புதிய கணினிகளில் அந்தப் பக்கமே இருக்காது. டிரைவரைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களின் பக்கம் போகவே வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மடிக்கணினியில் விண்டோஸும், உபுண்டு என்ற மற்றொரு இயக்குதளமும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு வேலைகளுக்கு உபுண்டு, வாடிக்கையாளர்கள் கேட்கும் சில மென்பொருள்களுக்கு விண்டோஸ். உபுண்டுவில் நன்றாக ஓடும் மவுஸ், விண்டோஸுக்குப் போனால் சேராது. அங்கே நீக்கிச் சேர்த்துவிட்டு உபுண்டுவுக்குத் திரும்பினால் இங்கே சேராது. ஒரு மாதம் முழுக்க இந்த இழுபறி நடந்தது. சாவியின் கதை தெரிந்தால் இதன் விடை தானாகவே கிடைத்துவிடும். இரண்டு இயக்குதளங்களும் ஒரே புளூடூத் அட்டையைப் பயன்படுத்துவதால், மவுஸின் கண்ணுக்கு இரண்டும் ஒரே முகவரியுள்ள ஒரே கணினிதான். விண்டோஸில் புதிதாகப் பேரிங் செய்யும்போது, அந்த முகவரிக்கான பழைய சாவியின் மேல் புதிய சாவியை மவுஸ் எழுதிவிடுகிறது. உபுண்டுவின் கையில் இருப்பது காலாவதியான சாவி. ஒவ்வொரு முறையும் நீக்கிச் சேர்த்து நான்தான் மறுபக்கத்தின் சாவியைச் செல்லாததாக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு இயக்குதளங்களிடமும் ஒரே சாவியைக் கொடுத்துவிடுவதுதான் முறையான தீர்வு. முதலில் உபுண்டுவில் பேரிங் செய்ய வேண்டும். பிறகு விண்டோஸில் செய்ய வேண்டும். கடைசியாக, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், புளூடூத் சேவைக்குரிய கிளையில் பதிவாகியிருக்கும் சாவியைப் பார்த்து எடுத்து, உபுண்டுவில் அந்தச் சாதனத்துக்குரிய கோப்பில் எழுதிவிட்டு, புளூடூத் சேவையை மறுபடியும் தொடங்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியின் அந்தக் கிளையைச் சாதாரண அட்மின் உரிமையால் பார்க்க முடியாது. சிஸ்டம் என்ற உள்கணக்கின் உரிமை வேண்டும். பழைய வகைச் சாதனங்களுக்கு ஒரே ஒரு சாவிதான் என்பதால் வேலை எளிது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் லோ எனர்ஜி வகை மவுஸ்களுக்கு நான்கைந்து மதிப்புகளை எழுத வேண்டும், அவற்றில் சிலவற்றை எண்முறை மாற்றி எழுத வேண்டும். போதாததற்கு, சில மவுஸ்கள் ஒவ்வொரு பேரிங்குக்கும் தம் முகவரியின் கடைசி இலக்கத்தை மாற்றிக்கொள்கின்றன, ஆகவே கோப்புறையின் பெயரையும் மாற்ற வேண்டியிருக்கும். என் ஹெட்செட்டுக்கு இதை அரைமணி நேரத்தில் செய்து முடித்தேன். மவுஸுக்கு அதன் அடிப்பக்கத்திலுள்ள பொத்தானே வழிகாட்டியது: 1, 2, 3 என்று மூன்று கணினிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் வகை அது. 1-ஐ விண்டோஸுக்கும் 2-ஐ உபுண்டுவுக்கும் ஒதுக்கிவிட்டேன். இயக்குதளம் மாறும்போது பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். உபுண்டுவில் பேரிங் செய்த பிறகும் ஒரு சாதனம் தானாகச் சேராமல் ஒவ்வொரு முறையும் நாம் சொன்னால்தான் சேருகிறது என்றால், அதை நம்பத்தக்கது என்று குறிக்கும் டிரஸ்ட் என்ற படி விடுபட்டிருக்கும். அதைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

தனக்கென்று சொந்த ரிசீவரோடு வரும் மவுஸ்களுக்கும் கீபோர்டுகளுக்கும் இந்தச் சாவித் தொல்லைகள் இல்லை. சாவி ரிசீவரிலேயே இருக்கிறது. கணினிக்கு அது சாதாரண யூஎஸ்பி கீபோர்டாகத்தான் தெரிகிறது. அதனால் இயக்குதளம் ஏறுவதற்கு முந்தைய பயாஸ் திரையிலும் அது வேலை செய்யும். பெரும்பாலான புளூடூத் கீபோர்டுகளால் அங்கே பேச முடியாது. ஆனால் இந்த ரிசீவர்களில் சில, அருகிலிருக்கும் அந்நியர் அனுப்பும் விசைகளையும் ஏற்றுக்கொண்டுவிடும் என்பதை 2016-இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் மவுஸ்ஜாக் என்ற பெயரில் செய்து காட்டியது. பழைய ரிசீவர் வைத்திருப்பவர்கள் அதன் உள்ளிருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீக்கியே ஆக வேண்டிய இடங்கள் இருக்கின்றன, அங்கேதான் நாம் சோம்பலாக இருக்கிறோம். என் மடிக்கணினியில் நினைவில் உள்ள வைஃபை பெயர்களின் பட்டியலைத் திறந்து எண்ணியபோது 41 இருந்தன. நாகர்கோவிலில் ஒருநாள் தங்கிய விடுதி, அத்தையை அனுமதித்திருந்த மருத்துவமனையின் வரவேற்பறை, இரண்டு கல்யாண மண்டபங்கள், ரயில் நிலையங்கள் என்று நீண்ட பட்டியல் அது. அவற்றில் பலவற்றில், தானாக இணைந்துகொள் என்ற கட்டத்தில் டிக் இருந்தது. கடவுச்சொல் இல்லாத வைஃபை ஒன்றின் பெயரை யார் வேண்டுமானாலும் தம் ரவுட்டருக்கு வைத்துக்கொள்ளலாம். கணினி பெயரைப் பார்த்து நம்பி, நம்மைக் கேட்காமலே சேர்ந்துவிடும். பெயரை மறைத்து வைத்த வைஃபையைச் சேமித்திருந்தாலோ, கணினி போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். மறைத்ததன் நோக்கமே கெட்டுவிடுகிறது. வீடு, அக்கா வீடு, என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு மற்ற 38-ஐயும் அன்றே நீக்கினேன். ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் மீட்டர்டு என்ற குறியை இட்டு வைத்திருக்கிறேன். பெரிய புதுப்பிப்புகளை விண்டோஸ் அதன் வழியாக இறக்கித் தரவுக் கணக்கைக் காலி செய்யாமலிருக்க அது உதவுகிறது. வெளியிடங்களில் சேரும்போது நெட்வொர்க் வகை பப்ளிக் என்றே இருக்கட்டும். அப்போதுதான் அதே வைஃபையிலுள்ள மற்றவர்களின் கண்ணுக்கு நம் கணினி தென்படாது.

கணினியை வேறொருவருக்குக் கொடுக்கும் முன்பும் நீக்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கத்திலும். விண்டோஸ் 11-இல் சேமித்த வைஃபையின் பண்புகளுக்குள் போனால் அதன் கடவுச்சொல்லைத் திரையிலேயே பார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. என் பழைய மடிக்கணினியைச் சித்தி மகனுக்குக் கொடுத்தபோது வைஃபை பெயர்களை அழித்ததோடு, அதிலிருந்த புளூடூத் சாதனங்களையும் நீக்கி, ஹெட்செட்டின் நினைவையும் அதன் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தி அழித்தேன்.

அப்பாவின் மேசை இழுப்பறையில் இப்போது வயர் உள்ள மவுஸ் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. கீபோர்டு போய்விட்டாலும் அது ஒன்று போதும். உள்நுழையும் திரையிலேயே ஆன்ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து, எழுத்து எழுத்தாகச் சொடுக்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடலாம். சென்ற மாதம் அவர் தம்முடைய ஹெட்செட்டைக் கோவில்பட்டிப் பேருந்தில் தவறவிட்டு வந்தார். அன்று மாலை நான் அறைக்குள் நுழைந்தபோது, இழுப்பறை மவுஸைச் செருகிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்தபடி பட்டியலை மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராகப் படித்துப் பார்த்து, ஹெட்செட்டின் பெயர் ஒன்றை மட்டும் நீக்கிக்கொண்டிருந்தார்.